இருபத்திரண்டு சுழி

வியாழக்கிழமை மதியம் உன் டப்பா என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதே பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் பாதி உரிந்துவிட்டது. திறந்ததும் துருவும் புளியும் கலந்த அந்த வாடை. உள்ளே முக்கால் பங்குக்குப் புளியங்கொட்டை. கொண்டுவந்து கொடுத்தவள் பாக்கியம். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிவிட்டது என்று சொன்னவளும் அவள்தான். எனக்கு வேறு யார் சொல்வார்கள்? தங்கவயலிலிருந்து எனக்கு போஸ்ட் கார்டு எழுதுகிற ஒரே ஆள் நீதானே.

அழுதேன். இப்போது என்னுடையதாகிவிட்ட தலைமை ஆசிரியை அறையில், கதவைக்கூடச் சாத்தாமல் அழுதேன். நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குக் கேலி செய்திருப்பாய்.

ஆனால் அழுததைச் சொல்ல இதை எழுதவில்லை. பாக்கியம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்த கதையையே ஒருமுறை சொல்லப்போகிறேன். பதினான்கு வருடமாக நீ அறிந்ததுதான், ஆனால் என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை.

பிரேசர் டவுனில் நம் ஓட்டுப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கு நான்கு அறை. அறைக்கும் அறைக்கும் நடுவில் மூங்கில் தட்டி. டிரெய்னிங் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம் இரண்டு பேரும் ஒரே ஜூன் மாதத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருமே தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றுதான் வரும், இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு அது யாருக்கென்று தெரியும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். நீ சுரங்கத் தொழிலாளியின் மகள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகம். அந்தக் கர்வம் எனக்கு மூக்கு நுனியில் இருந்தது. "வந்துட்டாங்க சர்க்கார் வூட்டம்மா" என்று நீ தினமும் காலையில் வாரிவிடுவாய். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். உன் வகுப்பு ரஸல் மார்க்கெட் மாதிரி இருக்கும். அடியாத மாடு படியாது என்று நான் சொல்வேன். மாட்டுக்குச் சொன்னதை மாட்டோடு விடு என்று நீ சொல்வாய்.

பாக்கியம் என் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். ஏழு வயது, முன் பெஞ்சு, எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. தசரா லீவுக்கு முன்னால் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த பெண். லீவு முடிந்து வந்தவள் வாயைத் திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். "உள்ளேன் டீச்சர்" என்ற இரண்டு வார்த்தை வராது. பக்கத்துப் பெண்ணிடமும் பேச்சில்லை. பாட்டு வகுப்பில் உதடுகூட அசையாது.

சில நாள் பொறுத்தேன். பிறகு பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். பிரம்பையும் எடுத்தேன். அதற்கும் மசியவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி எனக்கு அந்த யோசனை வந்தது. "பதில் சொல்றவங்கதான் வந்தவங்க. சொல்லாதவங்க வரல" என்று வகுப்புக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, கண் முன்னால் நிற்கிற குழந்தைக்கு வருகைப் பதிவேட்டில் சுழி போட்டேன். வந்தவர்களுக்குச் சாய்கோடு, வராதவர்களுக்குச் சுழி. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு சுழி விழுந்தால் தானாகப் பேசிவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றாவது விழுந்தது, பத்தாவது விழுந்தது. ஏழு வயதுப் பெண்ணோடு எனக்கு வீம்பு. இத்தனை நாளாக வரவில்லை என்று அவள் அப்பாவுக்கு இரண்டு முறை சீட்டு எழுதி அவள் பையிலேயே வைத்து அனுப்பினேன். பயந்துபோய் அவர் ஓடி வருவார் என்று கணக்கு. அவர் வரவில்லை. அந்த மாதம் பள்ளி நடந்த நாள் இருபத்திரண்டு. இருபத்திரண்டும் சுழி.

சிவப்பு மை கடன் கேட்டு வந்த நீ பதிவேட்டைப் பார்த்தாய். விரலை அந்த வரிசை மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனாய்.

"இந்தப் புள்ள தெனமும் முன் பெஞ்சுலதானே உக்காந்திருக்கு?"

"வாயத் தொறக்கட்டும், கோடு போடறேன்."

"தொறக்கலன்னா?"

ஊமை ஊரைக் கெடுக்கும், இதற்கெல்லாம் இடம் கொடுக்கக் கூடாது என்று நான் சட்டமாகச் சொன்னேன். நீ மை வாங்காமலே பெரிய டீச்சரிடம் போனாய். உன் நாலாம் வகுப்பை எனக்குத் தந்துவிட்டு இரண்டாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். பெரிய டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் அந்தப் பெண் பதில் சொல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார், ஊமைப் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பட்டும், நம் தலையில் வேண்டாம் என்றார். நீ சரி என்று வந்துவிட்டாய். எனக்குக் கோபம். என் வகுப்பைப் பிடுங்கி என்னைச் சிறுமைப்படுத்திவிட்டதாக நினைத்து மூன்று நாள் உன்னோடு டீ குடிக்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் நீ அவளோடு அவள் வீடு வரைக்கும் நடந்து போனாய். ஒன்றும் கேட்காமல் நடந்தேன் என்று பிறகு சொன்னாய். அங்கே போய்த்தான் விஷயம் தெரிந்தது. அவள் அம்மாவை நெஞ்சு வியாதி என்று தசரா லீவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒட்டுவியாதி என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுவார். அதனால் அம்மா ஊருக்குப் போயிருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, குழந்தையிடம், வெளியே எவரிடமும் மூச்சு விட்டால் நாம் நடுத்தெருவில்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பேச ஆரம்பித்தால் எங்கே அது வந்துவிடுமோ என்று அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள் தம்பியோடு வாய் ஓயாமல் பேசினாளாம்.

"சுரங்கத்துல விபத்துன்னு சங்கு ஊதினா எங்க லைன் வூடுங்கள்ல ஒரு புள்ளயும் பேசாது" என்று அன்றைக்கு நீ சொன்னாய். "பேசினா எங்க அப்பா பேரு வந்துடுமோன்னு பயம். எனக்கு அது தெரியும்." நான் சுழி போட்டது தப்பு என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் எளிதாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் இந்த டப்பா வந்தது. வாசல் பக்கம் ஒரு துணியில் புளியங்கொட்டையைக் குவித்தாய். உள்ளே வரும் ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் கூப்பிட்டதும் வந்து டப்பாவில் போட வேண்டும். டக் என்ற சத்தம்தான் பதில். பாக்கியத்துக்கென்று தனியாக இல்லை, வகுப்புக்கே அதுதான் சட்டம். முதல் நாள் அவள் எழுந்து நின்றதோடு சரி. மூன்றாம் நாள் கொட்டையை எடுத்தாள், ஆனால் போடவில்லை, கைக்குள் இறுக்கிக்கொண்டு வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாள். நீ அவளைப் பார்க்கவே இல்லை, அடுத்த பெயரைக் கூப்பிட்டாய். தட்டிக்கு இந்தப் பக்கம் நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் அவள் பெயருக்குப் பின்னால் டக் என்று கேட்டது. எனக்கு எட்டேழு மறந்துபோனது.

அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் போகும்போதே நாளைக்கென்று ஒரு கொட்டை எடுத்துக்கொண்டு போவாள். காலையில் குவியல் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயம் சரியாகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த காலையில் பெரிய டீச்சர் டப்பாவையும் குவியலையும் எடுத்துப் போய் பீரோவில் பூட்டிவிட்டார். இந்தத் தமாஷாவெல்லாம் அவர் முன்னால் வேண்டாமாம். அந்தக் காலத்தில் சில பள்ளிகளில் இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கென்று தெருப்பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பார்கள். அதனால் அவரே பதிவேட்டை வாங்கிப் பெயர் கூப்பிட்டுப் பார்ப்பார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் பலகையில் எதையோ எழுதிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" வந்தது. பாக்கியம் என்று கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். பெஞ்சு நகரும் சத்தம். பிறகு அவர் குரல், இது என்னம்மா என்று. அவள் நேராக அவர் மேசைக்குப் போய், டப்பாவைத் தேடி, அது இல்லாததைப் பார்த்து, கையில் இருந்த கொட்டையைப் பதிவேட்டின் மேலேயே வைத்திருக்கிறாள்.

பக்கங்கள் புரண்டன. போன மாதம் யார் எழுதினது என்று கேட்டார். ஆயா வந்து என்னைக் கூப்பிட்டாள்.

அந்த அறையில் நுழைந்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. அவர் கெட்டவர் இல்லை. கன்னடக்காரர், குழந்தையை மகு என்பார், தமிழைக் கன்னடத்தோடு பிசைந்து பேசுவார். பாக்கியம் மேசை அருகில் நின்றாள். அவள் பாவாடை நுனி ஆடிக்கொண்டே இருந்தது, அப்படி நடுங்கினாள். நீ சுவரோரமாக நின்றாய்.

"போன மாசம் ஃபுல் ஆப்சென்ட். இந்த மாசம் ஃபுல் பிரசென்ட். மகு வாயே தொறக்கல்ல" என்றார் என்னிடம். "எரடுல ஒண்ணு பொய் இருக்கு. யாவது, எதுன்னு சொல்லுங்க அம்மா."

என் மாதம் பொய். அவள் தினமும் வந்தாள், நான்தான் சுழி போட்டேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அந்த ஒரு நிரந்தர இடம் என் கண்ணில் தெரிந்தது, அப்பா முகம் தெரிந்தது. நீ ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். கோபமாக இல்லை. பெயர் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாயே, அப்படி. நான் தரையைப் பார்த்தேன். அவர் திரும்பக் கேட்டார். நான் திரும்பவும் தரையைப் பார்த்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சொன்னவள் நான்தான்.

"புள்ள நடுங்குது ஐயா" என்றாய் நீ. "என் மாசம்தான் பொய்யின்னு எழுதிக்குங்க. அவள உக்கார வைங்க. பேர மட்டும் அடிச்சிடாதீங்க."

அவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்தது போலவும் இருந்தது. பாக்கியத்திடம் ஒரு சிலேட்டைக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து தன் பெயரையும் வகுப்பையும் எழுதிக் காட்டினாள். பெயர் அடிபடாமல் நின்றது. உன் வேலை நிற்கவில்லை. வருகையைத் தவறாகப் பதிந்தவர் என்று குறிப்பு எழுதப்பட்டது. மாதம் முடிந்ததும் உன்னை அனுப்பிவிட்டார்கள். அந்த நிரந்தர இடம் எனக்கு வந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு உன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசினேன். ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "பாக்கியத்துக்கு ஏழு நாளாச்சு கொட்டையப் போட. உனக்கு எத்தன நாளாகும்னு தெரியல. எடுத்துக்க, பரவால்ல."

அந்தப் பரவாயில்லையை நான் பதினான்கு வருடம் எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை தங்கவயலுக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? இரண்டு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ரயில் ஏறினேன். நீ போட்ட டீயைக் குடித்துவிட்டு, உன் புதுப் பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கத்திரிக்காய் விலையைப் பேசிவிட்டுத் திரும்பினேன். நீயும் கேட்கவில்லை. உன் கார்டுகளிலும் ஒரு வரி இல்லை.

நீ போனதும் இரண்டாம் வகுப்பு மறுபடி என்னிடம் வந்தது. நான் பதில் கேட்காமலே அவளுக்குக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலை, மிகவும் சன்னமாக, "உள்ளேன்" என்றாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நீ நிற்கிறாயா என்று. அடுத்த வருடம் அவள் அம்மாவும் குணமாகித் திரும்பி வந்தாள். இதையெல்லாம் உனக்கு எழுதினேன். எழுத வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எழுதினேன்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பாக்கியம் டெலிபோன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விவேக் நகரில் வீடு. வருடம் ஒரு முறை உன்னைப் பார்க்க வருவாளாமே, நீ எனக்குச் சொல்லவே இல்லை. கடைசி வாரம் உன் படுக்கை அருகில் அவள் இருந்திருக்கிறாள். டப்பாவை என்னிடம் கொடுக்கச் சொன்னது நீதான் என்றாள். நீ வேறு ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். ஒண்ணும் சொல்லல டீச்சர் என்றாள்.

பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னாலதானே டீச்சர் அவங்களுக்கு இங்க வேல போச்சு? அன்னிக்கு நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருக்காதுல்ல?"

பதினான்கு வருடமாக அவள் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டையை ஒரு குழந்தை தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது, நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன்னிடமும் கேட்டாளாம். இல்லை என்று மட்டும் நீ சொன்னாயாம், ஏன் என்று சொல்லவில்லையாம். எனக்காக அவளிடமும் நீ வாய் திறக்கவில்லை. அதற்கு உன்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. என்னைக் காத்ததில் அவளை விட்டுவிட்டாயே. டப்பாவை அவள் கையில் கொடுத்தனுப்பியது எதற்கென்று அப்போது எனக்கு விளங்கியது.

வெளியே மூன்றாம் வகுப்பு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியட்டும் என்று பார்த்தேன். முடிந்தது. இன்னொன்று ஆரம்பித்தார்கள். டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இல்ல பாக்கியம். என்னாலதான்" என்றேன்.

சொன்னேனடி. இருபத்திரண்டு சுழியையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என்னை இரண்டு முறை கேட்டதையும், நான் தரையைப் பார்த்ததையும், நீ என்னைப் பார்த்ததையும், அந்த இடம் எனக்கு வந்ததையும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு, யாரிடமோ சொல்வது போல, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஸ்கூலுக்குப் போகாம எங்க சுத்தறன்னு அப்பா பெல்ட்டால அடிச்சாரு டீச்சர். ரெண்டு தடவ. நான் தெனமும் வந்தேன்."

இரண்டு சீட்டு, இரண்டு அடி. நானே எழுதி அவள் பையிலேயே வைத்து அனுப்பியது. இது உனக்காவது தெரியுமா? தெரிந்தும் என்னிடம் மறைத்தாயா? இனி யாரைக் கேட்பேன்.

மன்னித்துவிடு என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் பரவாயில்லை டீச்சர் என்று அவள் சொல்லியாக வேண்டும். இன்னொரு தடவை அவளிடம் பதில் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அவள் எழுந்தாள், பையைத் தோளில் மாட்டினாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட் அருகில் ஒரு நிமிடம் நின்றாள், திரும்பவில்லை, பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

இன்றோடு நான்கு நாள். அவள் வருவாளா, வரமாட்டாளா, தெரியாது. விலாசம் என்னிடம் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டலாம், கடிதம் எழுதலாம். செய்யப்போவதில்லை. பேச வேண்டியதை அவள் பேசும் நாள் வந்தால் பேசட்டும். அதற்கு எத்தனை வருடமானாலும் என் பக்கத்திலிருந்து ஒரு சுழிகூட விழாது. உன்னிடமிருந்து நான் கற்றதென்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருக்கிறது, இதையும் இவ்வளவு தாமதமாகத்தான் கற்றேன்.

கையில் எடுத்த அந்தக் கொட்டையை அன்றைக்கே டப்பாவில் போட்டுவிட்டேன். டக் என்று கேட்டது. டப்பா மேசை மேல்தான் இருக்கிறது. மூடி போடவில்லை.